காந்தி பொம்மையின் துண்டு: ஒரு கொலுப் பெட்டியைப் பழுது பார்த்த குறிப்புகள்

காந்தி இந்த வருடம் யார் தயவும் இல்லாமல் நிற்கிறார். போன நவராத்திரி வரை அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு செங்கல் துண்டை முட்டுக் கொடுத்து, அது தெரியாமல் ரவிக்கைத் துணியால் மறைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தோம். ஒன்றேகால் அடி உயரக் காகிதக்கூழ் பொம்மை. பக்கவாட்டில் தையல் விட்டது மாதிரி இரண்டாகப் பிளந்து, கைத்தடி இல்லாமல், பாதம் ஊறிப்போய்க் கிடந்தது. கூடவே அதே பெட்டியிலிருந்த செட்டியார் ஜோடி, தஞ்சாவூர் ஆட்டக்காரி, பண்ருட்டி மண் தசாவதாரம், மரப்பாச்சி இதையெல்லாம் கையில் எடுத்தேன். எது சரியானது, எது சொதப்பியது, என்ன கலவை போட்டேன் என்று வரிசையாக எழுதிவிடுகிறேன். பரணில் பழைய கொலுப் பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் பெட்டி. பாட்டியின் தகர டிரங்குப் பெட்டி, கும்பகோணம் வீட்டில் ஓட்டுக்கு நேர் கீழே இருந்தது, மழை ஒழுகி அடியில் துரு. ஒவ்வொரு பொம்மைக்கும் முதலில் பழைய வேட்டித் துணி, அதற்கு மேல் செய்தித்தாள். எங்கள் வீட்டில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு, பழைய தாளைப் பிரித்துப் போடாமல் அதன் மேலேயே புதிய தாளைச் சுற்றிவிடுவார்கள். அதனால் காந்தியைப் பிரிக்கும்போது 2000களின் செல்போன் விளம்பரத்தில் ஆரம்பித்து 1978 தீபாவளி ஜவுளி விளம்பரம் வரை போனேன். தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பொம்மைக்கு எந்த வருடம் யார் பெயிண்ட் அடித்தார்கள் என்று பின்னால் குழப்பம் வந்தபோது அந்தத் தேதிகள்தான் கை கொடுத்தன.

பெட்டியைத் திறந்ததும் எது எதனால் செய்தது என்று பிரித்துவிட வேண்டும், ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். உடைந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும். சிவப்பாக இருந்தால் சுட்ட மண், விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கும். வெள்ளை வெளேரென்று, நகத்தால் கீறினால் மாவு உதிர்ந்தால் பிளாஸ்டர். லேசாக இருந்து, தட்டினால் 'டொப்' என்று மந்தமாகக் கேட்டு, உடைந்த ஓரத்தில் நார் நாராகத் தெரிந்தால் காகிதக்கூழ். காகிதக்கூழ் பொம்மைகளை முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் எடுத்து ஒட்டுவார்கள். காது வழியாகத் தோள், இடுப்பு என்று கால் வரை போகும் அந்த ஒட்டுத்தான் எப்போதும் முதலில் விடும்.

காந்தியைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 640 கிராம். வெயிலில் காய வைக்கலாம் என்று கை பரபரக்கும், வேண்டாம். வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கி உள்ளே ஈரம் நிற்கும், பெயிண்ட் பொரிந்து வரும். நிழலில், மின்விசிறிக்கு நேரே இல்லாமல் கொஞ்சம் தள்ளி, கம்பி வலை மேல் படுக்க வைத்தேன். தினமும் எடை. 556 கிராமுக்கு வந்து அதற்கு மேல் குறையாமல் நின்ற பிறகுதான் அடுத்த வேலை. கிட்டத்தட்ட 85 கிராம் தண்ணீரை அந்த மனிதர் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

செட்டியார் ஜோடிக்குப் பூச்சி. அடிப்பக்கம் அரித்து உள்ளே மணல் மாதிரி கழிவு. மருந்து அடிக்க மனசில்லை, குழந்தைகள் தொடுகிற பொம்மை. நன்றாகக் காய்ந்த பிறகு காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தோம். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் நல்லது. வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான், இல்லாவிட்டால் பொம்மை மேலேயே பனித்துளி இறங்கும். பழைய எனாமல் குளிரில் இன்னும் கொஞ்சம் விரிசல் விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதிப்புள்ள பொம்மையாக இருந்தால் இதைச் செய்ய யோசிப்பேன். மரப்பாச்சியை மட்டும் எந்தப் பூச்சியும் தொடவில்லை. செம்மரம். மெல்லிய துணியால் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவியதோடு அதன் வேலை முடிந்தது. பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்த ஜோடி, அத்தையும் அப்பாவும் பல் முளைக்கும்போது கடித்த தடம் பெண் பொம்மையின் தலையில் இருக்கிறது, அதை நான் தொடவே இல்லை.

அடுத்து அழுக்கு எடுப்பது. இங்கேதான் தொழில்நுட்பமும் வீட்டு ஆசாரமும் முட்டிக்கொண்டன. ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற ஒரு பழைய முறை எச்சில். பஞ்சுக் குச்சியை நாக்கில் நனைத்து மெதுவாக உருட்டி எடுப்பது. அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி அழுக்கைக் கரைக்கிறது என்று போர்த்துகீசிய ஆய்வாளர்கள் அளந்து காட்டி, அதற்கு 2018இல் வேடிக்கை நோபலான இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். நானும் செட்டியாரின் தொப்பையில் செய்து பார்த்தேன். வெறும் தண்ணீரில் அசையாத புகைக் கறை மூன்று உருட்டில் வந்துவிட்டது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "செட்டியாரோட நிறுத்திக்கோடா. சாமி பொம்மை மேல எச்சில் பட்டா நான் கொலுவுக்கே வரமாட்டேன்" என்றாள். சரி, பெருமாளுக்கெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீர், மனிதர்களுக்கு எச்சில் என்று பிரித்துக்கொண்டேன். அடுத்து காந்தியைக் கையில் எடுத்ததும் அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவருக்கும் தண்ணி" என்றாள். அது எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தண்ணீரிலும் ஒரு கண்டம் உண்டு. பழைய பொம்மைகளுக்குப் பவுடர் கலரைப் பசையில் குழைத்துத்தான் அடித்திருப்பார்கள். ஈரப் பஞ்சு பட்டால் அழுக்கோடு நிறமும் சேர்ந்து வரும். தசாவதார செட்டில் வாமனனின் குடைக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு தடவை உருட்டிப் பார்த்தேன், பஞ்சு பச்சையாகிவிட்டது. அதோடு அந்த செட்டுக்கு ஈரமே கிடையாது என்று முடிவு. பன்றி மயிர் பிரஷ் வேண்டாம், மேக்கப் போடுகிற மெல்லிய பிரஷ் ஒன்று வாங்கி உலர்வாகத் தூசு தட்டியதோடு சரி. எனாமல் அடித்ததற்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஆக, எந்தப் பொம்மையானாலும் முதல் சோதனை அடிப்பாகத்தில்தான்.

இப்போது காந்தியின் பெயிண்ட். அடி மேல் அடியாக அடித்து மூக்கும் உதடும் மொழுக்கென்று ஆகி, காதோரம் பாளம் பாளமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. முழங்கையில் பெயர்ந்திருந்த ஒரு இடத்தை, நகை பார்க்கிற 10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். அடியில் வெள்ளை, சாக்குத்தூளும் (வெள்ளைச் சுண்ணப் பொடி) பசையும் சேர்ந்த அடிப்பூச்சு. அதற்கு மேல் மெல்லிய மாநிறம், பவுடர் கலர். அதற்கு மேல் கெட்டியான எனாமல். வேட்டியில் மட்டும் இன்னும் ஒரு அடுக்கு, அப்பா 1990களில் வீட்டுச் சுவருக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளை டிஸ்டம்பர். முழங்கையின் மூன்று அடுக்கும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தது.

எதுவரைக்கும் சுரண்டுவது? பழுது பார்க்கிறவன் முதல் நாளே பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது, நான் சொல்லாமல் வேலையை ஆரம்பித்தேன். 'ஒரிஜினல்' வரைக்கும் போய்விடலாம் என்று ஒரு எண்ணம். காந்தி மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்றுதான் சட்டை, தலைப்பாகை எல்லாம் விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. எங்கள் பொம்மையோ தோள் முதல் இடுப்பு வரை வெள்ளைத் துண்டு போர்த்தியிருக்கிறது, துண்டுக்கு ஓரத்தில் நீலக் கரை வேறு. ஆனால் துண்டின் ஓரம் பெயர்ந்த இடத்தில் பார்த்தால் அடியில் மாநிறம். அதாவது செய்தவர் வெறும் மார்போடுதான் செய்திருக்கிறார். பின்னால் யாரோ கூச்சப்பட்டுப் போர்த்திவிட்டிருக்கிறார்கள், அதை எடுத்துவிட வேண்டும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கூச்சமாவது ஒண்ணாவது. மார்ல விரிசல் விட்டுது, அப்பா பட்டி வெச்சார். பட்டி திட்டுத் திட்டா அசிங்கமா தெரிஞ்சுது, மேல நான் துண்டு வரைஞ்சு விட்டேன். கரை மட்டும் கோணலா போச்சு."

அத்தை அப்பா என்றது என் தாத்தாவை. கடைசித் தாளின் தேதியான 1978இல் அத்தைக்கு 27 வயது. இரும்புக் கேட்டுக்கு வாங்கிய எனாமலில் மிச்சம். அவ்வளவுதான் சங்கதி. அந்தத் துண்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தம்பி மாறுவேடப் போட்டிக்குக் காந்தியாகப் போனபோது அம்மா தேடித் தேடி நீலக் கரை போட்ட துண்டைப் போர்த்தி அனுப்பினாள், கொலுவில் அப்படித்தானே இருக்கிறார் என்று. ஒரு விரிசலை மறைக்கப் போட்ட துண்டு, எங்கள் வீட்டில் காந்தியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பொம்மைக்கலையில் 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்று கேட்டால் பாதி நேரம் தத்துவம் கிடைக்கும் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் பட்டிதான் கிடைக்கிறது.

அந்தப் பட்டி சாக்குத்தூளும் லின்சீட் ஆயிலும் பிசைந்தது, ஜன்னல் கண்ணாடிக்கு வைப்பார்களே அது. கல்லாக இறுகி, முன்பாதி அச்சையும் பின்பாதி அச்சையும் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. துண்டை எடுத்தால் பட்டி வரும், பட்டி வந்தால் மார்பு இரண்டாகும். எனவே துண்டு இருக்கும், கோணல் கரையும் இருக்கும். அப்பாவின் டிஸ்டம்பர் மட்டும் ஈரத்தில் பொரிந்து தானாகவே உதிர்ந்துகொண்டிருந்தது, தட்டி எடுத்துவிட்டேன், அதற்கு யாரும் வருத்தப்படவில்லை. முகம், கை இரண்டிலும் எனாமலை எடுத்துப் பழைய நிறத்துக்குப் போகலாம் என்று தீர்மானித்தேன்.

எனாமலை எடுக்கத் தின்னர் போட்டுப் பார்த்தது தப்பான வழி. இடது கை மணிக்கட்டில் கடுகளவுதான் தொட்டேன், எனாமல் ஊறிக் குழம்பாகி அடியிலிருந்த மாநிறத்துக்குள் இறங்கிவிட்டது, அந்தக் கறை இன்னும் இருக்கிறது. பிறகு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு அடி தள்ளிப் பிடித்து, எனாமல் லேசாக இளகும்போது 15ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடைப் படுக்கை வசமாக நுழைத்தால் செதிள் செதிளாக வந்தது. அடியிலுள்ள பசைப்பூச்சு பலவீனமானது, அதனால்தான் எனாமல் அதைச் சரியாகப் பிடிக்கவில்லை, நமக்கு அது நல்லதாகப் போயிற்று. கவனிக்க வேண்டியது, பழைய எனாமலில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் எமரி தாள் போட்டுத் தேய்த்துத் தூசு கிளப்பவே கூடாது. என்95 முகமூடி, கீழே ஈரச் செய்தித்தாள், விழுகிற செதிளையெல்லாம் அதிலேயே மடித்து எறிவது. மகள் பக்கத்தில் வரக் கூடாது என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தேன், வேளைக்கு ஒரு கன்னம், ஒரு காது என்று.

நெற்றிக்கு வந்தேன். புருவ மத்தியிலிருந்த செதிள் பெயர்ந்து வந்தபோது அதன் உட்புறம் சிவப்பாக இருந்தது. பொம்மையிலும் அதே இடத்தில், மாநிறத்துக்கு மேல், மோதிர விரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம், ஓரம் கொஞ்சம் இழுபட்டு. செய்தவர் வைத்த பொட்டு என்று முதலில் தோன்றியது, காந்திக்கு எந்தக் கைவினைஞர் பொட்டு வைப்பார்? செதிளில் ஒட்டியிருந்த தூளைக் கண்ணாடித் துண்டில் தட்டி ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். மஞ்சளாகிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்த பழைய குங்குமம், புளிப்புப் பட்டால் திரும்ப மஞ்சள் நிறத்துக்கு வந்துவிடும். இப்போது கடையில் கிடைக்கிற சாயக் குங்குமத்துக்கு இந்தச் சோதனை செல்லாது.

பாட்டி வைத்தது. அத்தையைக் கேட்டேன், அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "அம்மா எல்லா சாமிக்கும் குங்குமம் வெச்சுட்டு, கடைசில அவருக்கும் வெப்பா. ஆழ்வார் பக்கத்துலதான் அவர் இருப்பார்." பொம்மை வாங்கியது அத்தை பிறப்பதற்கு முன்னால். காந்தி, நேரு, பாரத மாதா எல்லாம் கொலுப்படிக்கு வந்த காலம் அது. பாட்டி மேலிருந்து இரண்டாவது படியில் வைத்து ஆரத்தியும் காட்டியிருக்கிறாள். அப்பா காலத்தில் அவர் தலைவர்கள் வரிசைக்கு இறங்கினார், குங்குமம் நின்றுபோனது. நான் விவரம் தெரிந்து பார்த்தபோது கீழ்ப் படியில், செட்டியார் கடைக்குப் பக்கத்தில், அக்டோபர் 2 நவராத்திரிக்குள் வந்தால் மட்டும் ஒரு பூ. இதெல்லாம் எங்களுக்குள் யாரும் பேசி முடிவெடுத்ததில்லை. "அவருக்கும் தண்ணி" என்று அத்தை சொன்னது இப்போதுதான் உறைத்தது.

அந்த வட்டத்தை என்ன செய்வது? பொம்மையைச் செய்தவர் பக்கம் நின்று பார்த்தால் அது அழுக்கு, துடைத்துவிட வேண்டும். பாட்டி பக்கம் நின்றால் பொம்மையிலேயே அதுதான் முக்கியமான இடம். நான் அப்படியே விட்டேன். உதிராமல் இருக்க 2 சதவீதக் கருவேலம் பிசின் கரைசலை, 100 மில்லித் தண்ணீருக்கு 2 கிராம், பூஜ்ய எண் பிரஷால் ஓரத்தில் மட்டும் தொட்டு உறிஞ்ச விட்டேன். நெற்றியின் மற்ற இடத்தைச் சுத்தம் செய்யும்போது அந்த வட்டத்தைச் சுற்றி அரை செ.மீ. தொடாமல் விட்டதால் கொஞ்சம் கறுப்பு வளையம் தெரிகிறது. தெரியட்டும்.

பிளந்த பக்கவாட்டுக்குக் கூழ். முதலில் போட்ட கலவையில் தண்ணீர் அதிகம், சாக்குத்தூள் குறைவு. காய்ந்ததும் சுருங்கி ஒட்டின இடத்திலேயே 3 மி.மீ. இடைவெளி விட்டது, பிய்த்து எறிய வேண்டியதாயிற்று. பிடித்துக்கொண்ட அளவு இது: செய்தித்தாள் 100 கிராம், கிழித்து ஒரு இரவு ஊற வைத்து அரைத்துத் துணியில் இறுக்கிப் பிழிந்தது, சாக்குத்தூள் 150 கிராம், ஃபெவிகால் 60 கிராம், மைதாப் பசை இரண்டு கரண்டி, மயில்துத்தம் ஒரு சிட்டிகை. சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாக வர வேண்டும். மயில்துத்தம் பூச்சி வராமல் இருக்க, அது விஷம், சமையல் பாத்திரம் மிக்ஸி எதிலும் படக் கூடாது, கூழை அரைத்த பிறகு தனி டப்பாவில் கையுறையோடு கலந்தேன். அத்தை புளியங்கொட்டைப் பசைதான் கெட்டி என்று அடித்துச் சொன்னாள். தோல் நீக்கி மாவாக்கிக் காய்ச்சிச் செட்டிச்சியின் கைக்கு அதைப் போட்டேன். ஒட்டுவதில் மைதாவை விட நிச்சயம் நன்றாக இருக்கிறது. ஆனால் காய்ச்சுகிற நாற்றமும் நேரமும்!

ஒரே தடவையில் அப்பாமல் 4 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்தேன், ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. வெளியே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கம் கொடுத்தேன், கயிறு போட்டால் பெயிண்டில் தடம் விழும். பாதத்தில் ஊறிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு 2 மி.மீ. அலுமினியக் கம்பியை இரண்டு காலுக்குள்ளும் செருகி மேலே கூழ். அடியில் ஒரு கைப்பிடி ஆற்று மணலைத் துணிமுடிச்சாகக் கட்டி வைத்தேன், 120 கிராம். செங்கல்லுக்கு விடை கொடுத்தது இந்த முடிச்சுத்தான்.

கைத்தடித் துளை 4 மி.மீ. உள்ளே ஒரு ஈர்க்குச்சித் துண்டு ஒடிந்து கிடந்தது, பாட்டி காலத்து மாற்றுத்தடி. நான் மூங்கிலைச் சீவிப் போட்டேன். மூக்குக் கண்ணாடி மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி, அது அத்தை கைவேலை, நன்றாகவே இருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்து அதையே மாட்டினேன்.

எபாக்சி புட்டி சீக்கிரம் வேலை முடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். தஞ்சாவூர் ஆட்டக்காரியின் கழுத்து வெடிப்பில் அதைத்தான் வைத்தேன். அழகாக இறுகியது, ஆட்டம் நின்றுவிட்டது. தலை, உடம்பு, பாவாடை எல்லாம் தனித்தனியாகக் கம்பியில் தொங்குகிற பொம்மை அது. எடை சரியாகச் சமன்பட்டு நின்றால்தான் விரல் பட்டதும் தலை ஆடும். புட்டி 9 கிராம் கூட்டிவிட்டது. மறுபடி சூடு காட்டிச் சுரண்டி எடுத்து, மெல்லிய தாளையும் பசையையும் வைத்து அடைத்த பிறகு ஆடினாள், முன்னளவுக்கு இல்லை. அசைகிற பொம்மைக்கு எபாக்சி வேண்டாம்.

நிறம் தொடுவதற்கு அக்ரிலிக் வாங்கி வைத்திருந்தேன், பிறகு மனசு மாறி வாட்டர்கலர். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக், அடுத்து பழுது பார்க்கிறவர் பிளேடு எடுக்க வேண்டும். வாட்டர்கலரை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். என் ரசனை பிடிக்காமல் போக மகளுக்கு எல்லா உரிமையும் உண்டு. பெயர்ந்த இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக வைத்தேன், பழைய நிறத்தின் மேல் ஏற்றவில்லை. பகல் வெளிச்சத்தில் கச்சிதமாகப் பொருந்திய மாநிறம், கொலுவுக்கு மாட்டிய எல்இடி சரத்தில் பச்சை கலந்தது போல் தனியாகத் தெரிந்தது. எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறோமோ அதற்குக் கீழே வைத்துத்தான் கலக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் குத்துவிளக்கு ஏற்றிப் பார்த்தபோது ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. செட்டியாரின் கண்ணும் பெருமாளின் கிரீடமும் எதற்கு அவ்வளவு அதிகப்படியான கறுப்பும் தங்கமும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். ஆடுகிற சுடரில், ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்காக வரைந்தது. எல்இடியில் அது கத்துகிறது. இந்த வருடம் சரத்தை மேல் மூன்று படியிலிருந்து கழற்றிவிட்டேன், கீழே பார்க்கில் மட்டும் மகள் விருப்பத்துக்கு.

படியில் வைக்கும்போது ஒரு சின்னத் தகராறு. மகளுக்குச் செட்டியார் கடை 'சூப்பர் மார்க்கெட்', பில் போடுகிற கவுண்டர் ஒன்றை அட்டையில் செய்து வைத்திருக்கிறாள், அதற்குப் பக்கத்தில் காந்தி வேண்டுமாம். "ரூபாய் நோட்டுல இருக்காருல்ல அப்பா, அதான்." வாதத்தில் பிழை சொல்ல முடியவில்லை. அத்தையோ நேராக இரண்டாவது படியைக் காட்டினாள். கடைசியில் அத்தை ஜெயித்தாள், முட்டி வலியோடு ஸ்டூலில் ஏறித் தானே வைத்தாள். கையோடு கொண்டுவந்திருந்த குங்குமத்தையும் எடுத்தாள், எனக்கு வயிற்றைக் கலக்கியது, அவ்வளவு பாடுபட்டுப் பிசின் தொட்டுக் காப்பாற்றிய வட்டம். நெற்றியைக் கிட்டத்தில் பார்த்தவள், "அம்மா வெச்சது இருக்கே" என்று குங்குமத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

செலவு: பிளேடும் கைப்பிடியும் 160 ரூபாய், லென்ஸ் 220, சாக்குத்தூள் இரண்டு கிலோ 80, ஃபெவிகால் 190, வாட்டர்கலரும் பிரஷும் 380, முகமூடி, பஞ்சு, காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து 150, வீணாய்ப்போன எபாக்சி 90, தொடவே தொடாத அக்ரிலிக் 450. ஆக 1,720. அக்ரிலிக்கை மகள் எடுத்துக்கொண்டாள், இந்த வருடத்துப் புதுப் பொம்மைக்கு. வருடத்துக்கு ஒன்றாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம், அவள் களிமண்ணில் ஒரு டெலிவரி அண்ணனை வண்டியோடு செய்து மூன்றாவது படியில் கல்யாணக் கோஷ்டிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தாள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை. பெட்டியைப் பிரிக்கும் முன் படம் எடுப்பேன், எது எந்தத் துணியில் இருந்தது என்பது உட்பட. எதுவரை சுரண்டுவது என்பதை வீட்டுப் பெரியவர்களைக் கேட்ட பிறகுதான் பிளேடைத் தொடுவேன். தின்னர் இல்லை. கூழ் வேலையை வைகாசி ஆனியில் முடிப்பேன், ஆவணி ஈரக் காற்றில் ஒரு அடுக்கு காய்வதற்குள் பொறுமை போய்விடுகிறது. கட்டி வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, டெலிவரி அண்ணனை அவசரத்துக்குக் கவரில் சுற்றி வைத்ததில் அக்ரிலிக் ஒட்டிக்கொண்டு சட்டையின் சிவப்பு பாதி கவரோடு போய்விட்டது. வேட்டித் துணிதான் சரி, அதற்கு மேல் செய்தித்தாள். எந்தப் பொம்மைக்கு என்ன பசை, என்ன நிறம், எந்த இடத்தில் என்று பென்சிலால் எழுதிச் சுருட்டி ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் போட்டிருக்கிறேன், பேனா மை ஈரத்தில் பரவும். செட்டிச்சியின் மூக்கு இன்னும் பாக்கி. புளியங்கொட்டை ஊறுகிறது.